கரட்டுக்குளத்தில் ஒன்பது

சகாய பிரவீன் எதையும் இரண்டு தடவை எண்ணுகிறவன். கம்பத்தில் அவன் வேலை பார்க்கும் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் யாராவது நூறு டிரிப்பர் கேட்டால், எண்ணிக் கவரில் போட்டுவிட்டு, கவரைக் கவிழ்த்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவான். "ஏப்பா, அதென்ன தங்கக் காசா?" என்று திராட்சைத் தோட்டக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவனும் சிரிப்பான். ஆனாலும் எண்ணி முடிக்காமல் கையில் தரமாட்டான். காலையில் வீட்டைப் பூட்டி நாலு எட்டு வைத்தபின் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். உள்ளே களவு போக ஒன்றும் கிடையாது. அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. அப்பா லூர்துநாதன் மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி. மாதத்தில் இரண்டு ஞாயிறு இறங்கி வருவார், பூசைக்குப் போவார், கறி எடுத்துக் குழம்பு வைப்பார், அப்பனும் மகனும் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள், திங்கள் விடியுமுன் ஜீப் ஏறிவிடுவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று கேட்பதில்லை.

கடை ஆறு மணிக்கு முடியும். ஆறரைக்கு அதே தெருவில் மாடியில் குரூப் டூ தேர்வுக்கான மாலை வகுப்பு. வகுப்பு நடத்துகிற ஆசிரியர் ஐப்பசியில் ஒருநாள் சொன்னார்: "மெயின்ஸ்ல எழுதணும். எழுதி எழுதித்தான் கை வரும். தெனம் ஒரு பக்கம் டைரி எழுதுங்க. எதைப் பத்தி வேணாலும் எழுதுங்க, ஆனா எழுதுங்க."

மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். பிரவீன் விடவில்லை. அவனுடைய சிக்கல் வேறு. எழுந்தேன், இட்லி வாங்கினேன், கடைக்குப் போனேன், வகுப்புக்குப் போனேன், கடைசிப் பேருந்துக்கு முந்தின பேருந்தில் வந்தேன் என்று நாலு நாள் எழுதினான். ஐந்தாம் நாள் புரட்டிப் பார்த்தால் நாலு பக்கமும் தேதி மட்டும் மாறிய ஒரே பக்கமாக இருந்தன. எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் மறுநாள் விடிகாலை கரட்டுக்குளத்துக்குப் போனான்.

சுருளிப்பட்டிக்கு இந்தப் பக்கம், அவன் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில், சின்னக் கரடு ஒன்றின் அடியில் கிடக்கும் கண்மாய் அது. ஒரு பக்கம் கரை, மூன்று பக்கம் வயல். அன்றைக்கு அவன் கண்ணில் பட்டதெல்லாம் கறுப்பாக, வெள்ளை நெற்றியோடு நீந்திய பறவைகள். பெயர் தெரியவில்லை. எண்ணினான். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினான். நாற்பத்து நாலு. அந்த மூன்று எங்கிருந்து வந்தன என்று யோசித்ததிலேயே ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

அதன்பிறகு தினமும் போனான். கறுப்புப் பறவை நாமக்கோழி என்று போனில் தேடிக் கண்டுபிடித்தான். முக்குளிப்பான், தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சேர்ந்தது. கார்த்திகையில் வடக்கேயிருந்து கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் வந்து இறங்கின. ஆன்லைனில் மலிவாக ஒரு பைனாகுலர் வாங்கினான். அதில் இடது கண்ணாடி மங்கல், வலது கண்ணால்தான் பார்க்க வேண்டும். கரையில் எருமை குளிப்பாட்ட வருகிற ஆள் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னப்பா, தெனம் வந்து தண்ணிய அளந்து பாக்குற. மீன் குத்தகை எடுக்கப் போறியா?"

"இல்லண்ணே, பறவை எண்ணுறேன்."

"எண்ணி?"

அதற்குப் பதில் அவனிடம் இல்லை. ஆனால் தேனியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஈஸ்வரபாண்டி என்பவரிடம் இருந்தது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தொண்டர்கள் தேவை என்று அவர் அனுப்பிய வாட்ஸப் செய்தி எப்படியோ பிரவீனின் போனுக்கும் வந்து சேர்ந்தது. ஒருநாள் பயிற்சிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். "சந்தேகமா இருந்தா எழுதாதீங்க. நம்ம கணக்குக்கு அதுதான் மரியாதை" என்று ஈஸ்வரபாண்டி சொன்னதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டான். சந்தேகமாக இருந்தால் எழுதக்கூடாது என்றால் தன்னால் எதையுமே எழுத முடியாதே என்று பேருந்தில் வரும்போது பட்டது. இருந்தாலும் கரட்டுக்குளத்தை அவன் பெயரில் போட்டிருந்தார்கள். ஒரு தாளில் 'கரட்டுக்குளம் - சகாய பிரவீன்' என்று அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா கட்டைவிரல் ஒன்றை அனுப்பினார்.

கணக்கெடுப்பு மார்கழியில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்குத்தான் அது நடந்தது.

பனி தரையோடு தரையாகக் கிடந்தது. கரையில் நின்றவனுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. பழைய கதவு ஒன்று துருப்பிடித்த கீலில் ஆடுவதுபோல, மூக்கால் வருகிற சத்தம். பின்பு கண்மாயின் மேற்கு ஓரத்தில், தண்ணீர் வற்றிப் புல் முளைத்த இடத்தில், உருவங்கள் தெரிந்தன. கிளுவையைவிட மூன்று மடங்கு பெரியவை. சாம்பல் உடம்பு, நீண்ட கழுத்து, வெள்ளைத் தலை. ஒன்று தலையைத் திருப்பியபோது பின்மண்டையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்த மாதிரி இருந்தது. வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறவை என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பிரவீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒன்பது. மறுபடி எண்ணினான். ஒன்பது.

அவன் வாழ்க்கையில் முதல் எண்ணிக்கையும் இரண்டாம் எண்ணிக்கையும் ஒன்றாக வந்தது அபூர்வம்.

போனில் எடுத்த படத்தில் வெள்ளைப் பனியும் நாலைந்து புள்ளிகளும் மட்டும் இருந்தன. புதனும் வியாழனும் அதே நேரத்துக்கு, அதே இடத்தில், அதே ஒன்பது. வியாழனன்றே ஈஸ்வரபாண்டிக்குப் போன் செய்து சொன்னான். மறுமுனையில் அவர் குரல் மாறியது. "இந்தப் பக்கம் ரொம்ப அபூர்வம்பா. சனிக்கிழமை நானே வர்றேன்" என்றார். அன்றைய டைரிப் பக்கம் அடுத்த பக்கத்திலும் பாதி ஓடியது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தபோது பனி இன்னும் கெட்டியாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பனியால்தான் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை ஈஸ்வரபாண்டியும் மூன்று கல்லூரி மாணவர்களும் காரில் வந்து இறங்கினார்கள். நல்ல கேமரா, முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி எல்லாம் இருந்தன. மேற்கு ஓரத்துப் புல்லில் ஒன்றுமில்லை. ஆறரை ஆயிற்று, ஆறே முக்கால் ஆயிற்று. மாணவன் ஒருவன் கொட்டாவி விட்டான். கண்மாயைத் தாண்டி, அறுவடை முடிந்த வயலில் பனிக்குள் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு கூட்டம் அசைவது அப்போதுதான் தெரிந்தது.

"அந்தா இருக்கு சார்!"

கேமராக்கள் திரும்பின. தொலைநோக்கியில் கண்ணை வைத்த மாணவன் தோள் குலுங்கச் சிரித்தான்.

"சார், பின்னாடி ஒருத்தர் குச்சியோட வர்றாரு."

பனி விலக விலக எல்லோருக்கும் தெரிந்தது. எண்ணூறுக்குக் குறையாத வாத்துகள். பழுப்பு, கறுப்பு, இடையிடையே சாம்பல் வெள்ளை. அறுத்த நெல்தாளுக்கு நடுவே சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டு வந்தன. பின்னால் முண்டாசு கட்டிய ஒருவர், நீளக் கம்பின் நுனியில் பிளாஸ்டிக் பை கட்டி ஆட்டிக்கொண்டு வந்தார். அந்த வருஷம் வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களில் முதல் போகம் தள்ளிப்போய், மார்கழியில்தான் அறுவடை முடிந்திருந்தது. வயல் காலியானால் வாத்து மேய்க்கிறவர்கள் வருவது வழக்கம்தான்.

"ப்ரோ, அது இமயமலை தாண்டி வந்தது இல்ல, வைகைய தாண்டி வந்தது" என்றான் இன்னொரு மாணவன்.

ஈஸ்வரபாண்டி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரப்பில் நடந்துபோய் வாத்துக்காரரிடம் பேசினார். அவர் பெயர் தவசி, வடுகபட்டிக்காரர்.

"எப்பண்ணே வந்தீங்க இங்க?"

"திங்கக்கெழம பொழுதடைய வந்து எறங்குனோம் சார்."

"காட்டு வாத்து ஏதும் பாத்தீங்களா? பெருசா, தலையில கோடு போட்டு?"

"நமக்கு நம்ம வாத்துதான் சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தவசி கம்பை ஆட்டிக்கொண்டு வாத்துகளின் பின்னால் நகர்ந்துவிட்டார்.

திங்கள் மாலை வாத்துகள் வந்திருக்கின்றன. செவ்வாய் காலைதான் பிரவீன் முதலில் பார்த்தான். ஈஸ்வரபாண்டி நல்ல மனிதர். தோளில் கை வைத்து, "பனியில எனக்கும் இப்படி ஆயிருக்கு. நீ என்ன சொல்ற? எழுதவா, விடவா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றான் பிரவீன். பின்பு, "விட்டுருங்க சார்" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து டைரியை எடுத்து, செவ்வாய், புதன், வியாழன் மூன்று பக்கத்திலும் ஒன்பது என்று எழுதிய இடங்களில் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு அடித்தான். அதோடு நிற்கவில்லை. முந்தின பக்கங்களைப் புரட்டினான். பன்னிரண்டு ஊசிவால் வாத்து என்று எழுதியிருந்தது. அது மட்டும் உறுதியா? நத்தைகுத்தி நாரை ஏழு என்றது? இரண்டு மாதத்துப் பக்கங்களும் யாரோ தெரியாத ஆள் எழுதியவை போலிருந்தன. காலையில் எழுந்து போகவும் வந்து எழுதவும் அந்த ஒன்றுதான் இருந்தது. இனி அதுவும் இல்லை என்றால் மறுபடி எழுந்தேன், இட்லி வாங்கினேன்தான்.

ஞாயிறு அப்பா வருகிற வாரமும் இல்லை. பூசை முடிந்து வந்து, மத்தியானம் வரை படுத்துக் கிடந்தான். எதையும் பாதியில் விடுகிற சுபாவம் அவனுக்கு இல்லாததால் ஒரு யோசனை தோன்றியது. தவசியின் மந்தையில் சாம்பல் வெள்ளை வாத்துகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடலாம். ஒன்பது இருந்தால் விஷயம் முடிந்தது. தன் தப்பு எத்தனை பெரியது என்றாவது சரியாகத் தெரிந்துவிடும்.

பொழுது சாய வயலுக்குப் போனபோது தவசி களத்தை ஒட்டி நைலான் வலையால் பட்டி போட்டு, ஒரே ஒரு வாய் மட்டும் திறந்துவைத்திருந்தார். பக்கத்தில் தார்ப்பாய்க் கூடாரம், அடுப்பு, கவிழ்த்து வைத்த பெரிய மூங்கில் கூடை.

"வாங்க தம்பி. நீங்கதான நேத்து நம்ம வாத்தக் காட்டி பெரிய மனுசங்கள ஏமாத்துனது?" என்று சிரித்தார்.

"ஒங்க வாத்துல சாம்பல் கலர் எத்தனை இருக்குண்ணே?"

"கலர் பாத்து யாரு எண்ணுறா? இப்ப உள்ள போகும். ஒக்காந்து எண்ணிக்கங்க."

தவசி எண்ணுகிற முறை பார்க்க அழகாக இருந்தது. பட்டி வாயில் குத்தவைத்து, இடது காலை நீட்டித் தடுத்துக்கொண்டு, கம்பைத் தூக்கினால் நாலு நாலாக வாத்துகள் உள்ளே போகும். ஐந்து தடவை போனால் ஒரு சின்னக் கல்லை மடியில் போட்டுக்கொள்வார். உதடு அசையாது. பிரவீன் எதிரே உட்கார்ந்து சாம்பல் வெள்ளையை மட்டும் எண்ணினான். பதினேழு, பதினெட்டு. ஒன்பதைத் தாண்டிவிட்டது. அதற்கும் பொருள் எதுவும் இல்லை, கூட்டத்தில் ஒன்பது மட்டும் தனியே போயிருக்கலாம். முப்பத்தொன்றில் இருக்கும்போது, வாத்துகளின் கத்தலுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது.

பழைய கதவு, துருப்பிடித்த கீல்.

பிரவீன் எழுந்துவிட்டான். சத்தம் கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து வந்தது. தவசி எண்ணுவதை நிறுத்தினார். கம்பு தூக்கியபடியே இருக்க, வாத்துகள் கணக்கில்லாமல் உள்ளே ஓடின.

"அண்ணே, அதுக்குள்ள என்ன?"

"நோஞ்சான் வாத்து."

"அது வாத்துச் சத்தம் இல்ல."

தவசி அவனையே பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கினார்.

வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், யாரோ மையைத் தொட்டு விரலால் இழுத்தது போல. மஞ்சள் அலகு, மஞ்சள் கால். வலது இறக்கை உடம்போடு சேர்த்து, கிழிந்த லுங்கித் துணியால் கட்டப்பட்டிருந்தது. அது கழுத்தை நீட்டி அவனை ஒரு கண்ணால் பார்த்தது. கை தொடும் தூரத்தில் நின்றது.

"வியாழக்கெழம ராத்திரி மேச்சலுக்கு எறங்கிருக்குக தம்பி. நாய்க்கும் நரிக்கும் நான் கட்டுன வலையில இது மாட்டிக்கிருச்சு. விடிய வந்து பாக்குறேன், றெக்கைய முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. பனி விலகவும் மத்ததெல்லாம் வந்து மேல சுத்திச் சுத்திக் கத்துச்சு. வெள்ளிக்கெழம பொழுதடையுற வரைக்கும் கத்திட்டுப் போயிருச்சு."

"எத்தனை இருந்துச்சு?"

"மேல எட்டு."

எட்டும் ஒன்றும். அவன் கண் பொய் சொல்லவில்லை.

தவசி கட்டுத் துணியை இறுக்கிப் பார்க்கக் குனிந்த நேரத்தில் பிரவீனின் கை தானாகப் போனை எடுத்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. தலை, கோடு, கட்டிய இறக்கை, வலை, தவசியின் கை, எல்லாம் ஒரே படத்தில் துல்லியமாக விழுந்தன. போனின் கிளிக் சத்தம் கேட்டுத் தவசி நிமிர்ந்தார்.

"வேணாம் தம்பி" என்றார். குரலில் கேலி போயிருந்தது. "பாரஸ்ட்காரவுக இதப் பாத்தாகன்னா, மாட்டுச்சான்னா கேப்பாக? பிடிச்சேன்னுதான் எழுதுவாக. கோர்ட்டுக்கு அலஞ்சா எண்ணூறு உசிரை யாரு மேய்க்கிறது? ஒங்க சாரு கேக்கும்போதே அதுக்குப் பயந்துதான் தெரியாதுன்னேன். செவ்வாக்கெழம காலையில லாரி வருது, சோழவந்தான் பக்கம் போயிருவோம். அதுவரைக்கும் பொறுங்க."

பிரவீன் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

திங்கட்கிழமை வாட்ஸப் குழுவில் ஈஸ்வரபாண்டி எழுதியிருந்தார்: செவ்வாய் இரவு கணக்கெடுப்புப் பட்டியலை அனுப்புகிறேன், திருத்தமோ ஆதாரமோ இருந்தால் அதற்குள் தரவும். அதற்குக் கீழே, வைகையைச் சொல்லிக் கேலி செய்த மாணவன் ஒரு படம் போட்டிருந்தான். சந்தையில் கூடைக்குள் உட்கார்ந்திருக்கும் வெள்ளை வாத்து. 'கரட்டுக்குளம் ஸ்பெஷல், திபெத் டு கம்பம்.' அதற்குப் பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். யார் யார் என்று பிரவீன் தொட்டுப் பார்த்தான். பயிற்சியில் அவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவரும் சிரித்திருந்தார். ஒரு படம் போதும், அத்தனை பேர் வாயும் அடைத்துப்போகும்.

மாலை வகுப்பில் ஆசிரியர் வருவதற்கு முன் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன் பெஞ்ச் மகிமா திரும்பி எட்டிப் பார்த்தாள்.

"யாரு இது, ஒன் ஆளா? கழுத்து நீளமா, அழகாத்தான் இருக்கா."

அவள் கேட்ட விதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவ்வளவு நீளமாக அவன் அந்த வகுப்பில் யாரிடமும் பேசியதில்லை. மகிமா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அப்ப அனுப்ப வேண்டியதுதான. இதுல என்ன யோசன?"

"அந்த ஆளு மாட்டிக்குவாரு."

"அந்த ஆளு ஒனக்கு யாரு? மாமனா மச்சானா?"

"யாரும் இல்ல."

"பெறகென்ன? ஒன்னைய பைத்தியக்காரன்னு சிரிச்சது ஒனக்குப் பரவால்லயா?"

அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார். மகிமா திரும்பிக்கொண்டாள். பிரவீன் படத்தில் தவசியின் கை வராதபடி வெட்டிப் பார்த்தான். வெட்டிய பிறகும் வலையும் இறக்கைக் கட்டும் தெரிந்தன. தலையை மட்டும் வெட்டினால், எங்கே, எப்படி இத்தனை கிட்டத்தில் எடுத்தாய் என்றுதான் ஈஸ்வரபாண்டி முதல் கேள்வி கேட்பார். பொய் சொல்லிச் சமாளிக்கிற ஆள் அவன் இல்லை. இரண்டாம் கேள்வியிலேயே உளறிவிடுவான்.

செவ்வாய் விடிகாலை அவன் போனபோது லாரி வந்து நின்றிருந்தது. தட்டுத் தட்டாகப் பலகை அடித்த லாரி. தவசியும் டிரைவரும் வாத்துகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரவீனைப் பார்த்ததும் தவசி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவனோடு வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்தபின்தான் முகம் தெளிந்தது.

"ஒங்களுக்கு வேணுமா தம்பி இந்தப் பறவ? வழியில செக்போஸ்ட்டு இருக்கு, எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருவது நாள்ல றெக்க கூடிரும். நெல்லும் புல்லும் போட்டாப் போதும்."

பிரவீன் இதை எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அம்மா துணி துவைத்த சிமெண்டுத் தொட்டி சும்மாதான் கிடக்கிறது. சுற்றுச்சுவர் இருக்கிறது. இரவு வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். இருபது நாள். கூடாமல் போனால் இன்னும் அதிகம்.

"தனியா இருந்தா திங்குமா?" என்று கேட்டான்.

தவசி கொஞ்சம் தயங்கினார். "உள்ளதச் சொல்றேன். வெள்ளிக்கெழம கூட்டம் போனதுக்கப்பறம் அங்கன தள்ளி, அந்த மோட்டார் ரூமுக்குள்ள தனியா வச்சேன். ஒரு மணி நெல்லு தொடல. பட்டி ஓரத்துல கொண்டாந்து வச்சு, நம்ம வாத்துச் சத்தம் கேட்டப்பறந்தான் தின்னுச்சு."

"அப்ப நீங்களே கொண்டு போங்க."

"றெக்க கூடுச்சுன்னா தெறந்து விட்டுருவேன். மாதா மேல சத்தியமா, ஒங்க சாமி மேலயே சொல்றேன்" என்று அவன் கழுத்துச் சிலுவையைக் காட்டினார்.

"கூடலைன்னா?"

"கூடலைன்னா நம்ம கூட நடக்கும்."

கூடையைத் தூக்கித் தவசி பறவையை அவன் கையில் கொடுத்தார். அவன் நினைத்ததைவிட எடை குறைவு. இறகுக்கு அடியில் சூடாக இருந்தது, நெஞ்சு அவன் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. டிரைவர், "ஏலே தவசி, தாலாட்டுப் பாடிக்கிட்டு நிக்கிறீகளா? வெயில் ஏறிட்டா வாத்து சாகும்" என்று கத்தினார். பிரவீன் அதை நடுத்தட்டில், பழுப்பு வாத்துகளுக்கு இடையில் இறக்கிவைத்தான். வாத்துகள் கொஞ்சம் ஒதுங்கின, அப்புறம் நெருங்கின. பலகையை அடித்து மூடினார்கள். லாரி மண்பாதையில் குலுங்கி, கம்பம் ரோட்டில் ஏறிப் போயிற்று. பலகைச் சந்துகளில் எந்தக் கழுத்து அது என்று தேடிக்கொண்டே நின்றான். கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று கடையில் அவன் எண்ணிக் கொடுத்த வால்வில் இரண்டு குறைந்து, தோட்டக்காரர் திரும்பி வந்து வாங்கிப் போனார். ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கம் குழாய்ச் சுருள்கள் அடுக்கிய இடத்துக்குப் போனான். படத்தைத் திறந்தான். கோடுகளை நன்றாகப் பார்த்தான். அழித்தான். அழித்தவை போய்ச் சேரும் பெட்டி ஒன்று போனில் உண்டு. அதையும் திறந்து அங்கிருந்தும் அழித்தான். அதன்பிறகுதான் ஈஸ்வரபாண்டிக்குப் போன் செய்தான். போட்டோ இல்லையென்று சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும்.

"சொல்லுப்பா பிரவீன். போட்டோ ஏதும் கெடச்சுதா?"

"போட்டோ இல்ல சார். ஆனா நான் பாத்தது வரித்தலை வாத்துதான். செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் ஒம்பது."

"சனிக்கிழமை நீதானே விட்டுருங்கன்ன?"

"சனிக்கிழமை காட்டுனது தப்பு சார். அது வாத்துக்காரர் வாத்து. முந்தின மூணு நாள் பாத்தது தப்பில்ல."

"இப்ப எதை வச்சு இவ்வளவு உறுதியா சொல்ற?"

பிரவீன் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

"பாத்ததை வச்சு சார்."

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"நான் நம்புறேன்னே வச்சுக்க" என்றார் ஈஸ்வரபாண்டி. "பட்டியல்ல போட முடியாதுப்பா. அங்க நாலு பேர் நேர்ல வந்து இல்லன்னு பாத்துட்டுப் போயிருக்கோம். இன்னொண்ணும் சொல்லிர்றேன், மனசுல வச்சுக்காத. அடுத்த தடவை கரட்டுக்குளத்துக்கு கொஞ்சம் பழகின ஆளாப் போடலாம்னு பசங்க சொல்றாங்க. நீ வேற டீம்ல கூட வா, கத்துக்கலாம்."

"சரி சார்."

"கோவமா?"

"இல்ல சார். ஒம்பதுன்னு சொல்லணும்னு நெனச்சேன். அதான்."

போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. பசித்தது. டீக்கடையில் இரண்டு பருப்பு வடையைத் தின்றுவிட்டு மாடியேறியபோது வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரமாகியிருந்தது. ஆசிரியர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிரவீன் தன் இடத்தில் உட்கார்ந்ததும் மகிமா முதுகைச் சாய்த்து, திரும்பாமலே கேட்டாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல. அழிச்சுட்டேன்."

"லூசு. அப்ப அந்த வாத்து?"

"சோழவந்தான் போயிருச்சு."

"அதுக்குத்தான் றெக்க ஒடிஞ்சு கெடந்துச்சே, எப்படி?"

"லாரியில."

மகிமா வாயைப் பொத்தினாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து பக்கத்துப் பெண்ணின் காதில் எதையோ சொல்ல, அவளும் குலுங்கினாள். பிரவீனுக்கும் சிரிப்பு வந்தது. யாரோடு சேர்ந்து சிரிப்பது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து, போர்டில் இருந்ததை முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தான்.